காற்றைத் தெரிந்துகொண்ட நாலாம் நாள்

அமெரிக்காவின் கொலராடோவில், எல்க் என்ற பெரிய மானுக்குப் பேர்போன பகுதிகளுக்கு வேட்டைச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும், அடுத்த குலுக்கலில் முன்னுரிமை தரும் ஒரு பாயிண்ட் சேரும். அப்படி 14 வருடம் சேர்த்து, செப்டம்பரில் வில்லோடு மலையேறினேன்.

மூன்று நாள் வீணாய்ப் போனது. விடியும் முன் கீழே புல்வெளியில் பெரிய ஆண் எல்க் ஒன்று கத்தும். அடிவயிற்றில் தொடங்கி, விசில் மாதிரி உயர்ந்து, உறுமலில் முடியும் குரல். மேலே கூடாரம் போட்டிருந்ததால் சரிவில் இறங்கிப் போவேன். நெருங்குவதற்குள் சத்தம் அடங்கிவிடும்.

மூன்றாம் நாள் இரவுதான் உறைத்தது. காலைக் குளிரில் மலைக்காற்று கீழ்நோக்கி வழியும். என் வாடையை நானே அதன் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்!

நாலாம் நாள் இருட்டிலேயே சுற்றிப்போய்ப் புல்வெளிக்குக் கீழே உட்கார்ந்தேன். சின்ன டப்பாவில் முகப்பவுடர். ஒரு அமுக்கு அமுக்கினால் புகை மாதிரி பறந்து காற்றின் போக்கைக் காட்டும். வெயில் ஏறியதும் பவுடர் ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு மேல்நோக்கித் திரும்பியது. மந்தை படுக்கப் போன மரக்கூட்டத்துக்குப் பக்கவாட்டில் ஏறி, அதைவிட உயரத்துக்குப் போய், அரைமணி நேரம் அசையாமல் இருந்தேன். அப்புறம் பெட்டை எல்க் குரலில் ஒரே ஒரு அழைப்பு.

ஒவ்வொரு பக்கமும் ஆறு கிளையுள்ள கொம்போடு அந்த ஆண் எல்க் வந்து 30 கஜத்தில் நின்றது. அதன் மூச்சு ஆவியாய்த் தெரிந்தது. அம்பு விலாவில் இறங்கியது. இறைச்சி முழுவதையும் கீழே சுமந்து சேர்க்க இரண்டு நாள் ஆனது.