நண்பருடன் மலையேறி ஜியோகேச் தேடுவது எப்படி?

யாரோ ஒளித்துவைத்த ஒரு பெட்டியை, அதாவது ஜியோகேச்சை (சுருக்கமாகக் கேச்), ஜிபிஎஸ் உதவியுடன் தேடி நண்பருடன் மலையேறும் குதூகலத்துக்கு வயது கிடையாது. 2000 மே 2ஆம் தேதி, ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகனில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். விளையாட்டு பிறந்துவிட்டது!

படி 1: எளிய கேச்சைத் தேர்ந்தெடுங்கள்
ஜியோகேச்சிங் செயலியில் ஒவ்வொரு கேச்சுக்கும் தேடலின் கடினம், நிலத்தின் கடினம் என 1 முதல் 5 வரை இரண்டு அளவுகள் உண்டு. முதல்முறை இரண்டுமே 2ஐத் தாண்ட வேண்டாம். 'ட்ரெடிஷனல்' வகையே நல்லது. குறிப்பிட்ட இடத்திலேயே பெட்டி இருக்கும். அண்மையில் யாராவது கண்டெடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்
5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஸ்காட்லாந்து மலையேறி நேஸ்மித் 1892இல் சொன்ன இந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. பேசிக்கொண்டே நடப்பவர்கள் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம். வரைபடத்தை முன்பே பதிவிறக்குங்கள். தண்ணீர், பவர் பேங்க், பேனா மூன்றும் பையில் இருக்கட்டும்.

படி 3: பாதையை நம்புங்கள்
மலையில் மிக முக்கியமான படி இதுதான். செயலியின் அம்புக்குறி நேர்கோட்டில்தான் காட்டும். '200 மீட்டர்' என்று அது சொல்லும்போது நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கலாம். எனவே ஒருவர் கைப்பேசியைப் பார்க்கட்டும், மற்றவர் பாதையைப் பார்க்கட்டும். அம்புக்குறி பக்கவாட்டில் திரும்பினாலும் அவசரப்பட்டுச் சரிவில் இறங்காதீர்கள். பெரும்பாலும் பாதையே வளைந்து உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

படி 4: கடைசிப் பத்து மீட்டரில் கண்களால் தேடுங்கள்
திறந்தவெளியிலேயே கைப்பேசி சில மீட்டர் தவறும். பாறைச் சுவரோ அடர்ந்த மரங்களோ இருந்தால் இன்னும் தவறும். அதைப் பையில் போட்டுவிட்டு, 'நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன்?' என்று இருவரும் யோசியுங்கள். இயல்பாக விழாதது போல் அடுக்கப்பட்ட கற்கள், வேரடிப் பொந்து, பட்டுப்போன மரத்தின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். மண்ணைத் தோண்டவே கூடாது, கேச்சைப் புதைப்பது விதிக்குப் புறம்பானது. விளையாட்டை அறியாதவர்கள் வந்தால், பெட்டியைக் காட்டிக்கொடுக்காமல் ஒருவர் நின்று மலைக்காட்சியை ரசிக்கலாம், மற்றவர் நெடுநேரம் ஷூ கயிறு கட்டலாம். தேடலில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது!

படி 5: பதிவு செய்யுங்கள்
உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வையுங்கள். உணவுப் பண்டம் வேண்டாம், விலங்குகள் மோப்பம் பிடித்துவிடும். இருந்த இடத்தில் இருந்தபடியே மறைத்துவிட்டு, பிறகு செயலியிலும் பதியுங்கள். பெட்டி அகப்படாவிட்டாலும் 'கிடைக்கவில்லை' என்று பதிவது அவசியம். அது உண்மையிலேயே தொலைந்திருந்தால், வைத்தவர் வந்து பார்க்க அந்தக் குறிப்பு உதவும்.