நம் வெயிலில் லெஜியோனெல்லா: கட்டடத் தண்ணீரைக் கண்காணிக்கும் முறை

லெஜியோனேர்ஸ் நோய் என்னும் கடும் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தண்ணீரில் பெருகும். அதனால் பிரிட்டனின் வழிகாட்டுதல்கள், குளிர்ந்த நீர் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும் என்றும் இரண்டு வேலிகளைப் போடுகின்றன. சித்திரை மாத நண்பகலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, முதல் வேலி நமக்கு இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே தமிழ்நாட்டின் விடுதிகளும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் தண்ணீரைத் தேங்க விடாமல் ஓட்டுவதையும், குளோரினையும், தொட்டிச் சுத்தத்தையுமே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, லாரித் தண்ணீர் இறங்கும் சம்ப்பிலிருந்து கடைசித் தளத்தின் கடைசிக் குழாய் வரை நடந்து சென்று, நீர்ப்பாதையை நீங்களே வரைந்துகொள்வது. கட்டியபோது போட்ட வரைபடம் போதாது. இடையில் ஒரு கழிப்பறையை இடித்து அறையாக்கியபோது மூடி போட்டு விட்டுவைத்த குழாய்த்துண்டு அதில் இராது. அதற்குள் மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீரில் பாக்டீரியா வளர்ந்து மற்ற குழாய்களுக்கும் பரவும் என்பதால், அதைக் கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி அடைத்துவிட வேண்டும்.

பிறகு, தண்ணீர் திவலையாகச் சிதறும் இடங்களைக் குறியுங்கள். பெரும்பாலும் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதால்தான் இந்நோய் வருகிறது. ஆகவே ஷவர், அலங்கார நீரூற்று, தெளிப்பான், பெரிய ஏசி அமைப்பின் வெப்பத்தைத் தண்ணீர் தெளித்து வெளியேற்றும் கூலிங் டவர் ஆகியவை பட்டியலில் முதலில் வர வேண்டும். தண்ணீரைத் தெளிக்காத ஸ்பிளிட் ஏசியைப் பற்றிப் பலரும் கொள்ளும் அச்சம் தேவையற்றது. அத்திவலைகளை யார் சுவாசிக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்: 50 வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயாளிகள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் இடத்தில் அதே ஷவரின் ஆபத்து பல மடங்கு கூடும்.

ஆள் தங்காத அறையின் ஷவர் தலையைக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் விட்டுச்சென்ற வெள்ளைப் படிவும் அதன்மேல் வழுவழுப்பான படலமும் விரலில் ஒட்டினால், பாக்டீரியா குளோரினுக்குத் தப்பி ஒளிந்துகொள்ளும் இடம் அங்கே உருவாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவை நீக்கிக் கிருமிநீக்கம் செய்வதும், பயன்படாத குழாய்களை வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் திறந்துவிடுவதும் கட்டாயம். ஷவரைத் திறந்துவிடும் ஊழியர் திவலையைச் சுவாசிக்காதபடி, முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட வேண்டும்.

மின்கட்டணத்துக்கு அஞ்சி கீசரை 45 டிகிரியில் வைப்பது கிருமிக்கு இதமான இடத்தை நாமே அமைத்துக் கொடுப்பதாகும். சேமிப்பில் 60, குழாயைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரி என்பதைத் தெர்மாமீட்டர் வைத்து மாதந்தோறும் அளந்து எழுதுங்கள். தோல் வெந்துவிடாமலிருக்க, வெந்நீரோடு குளிர்ந்த நீரைக் கலக்கும் கலப்பு வால்வைக் குழாய்க்கு மிக அருகில் பொருத்த வேண்டும். மழைநாளில் வெதுவெதுப்பாகவே நிற்கும் சோலார் ஹீட்டருக்கு மின் சூடாக்கி துணையாக இருக்கட்டும்.

குளோரினைச் சம்ப்பில் அளந்து திருப்தி அடையக் கூடாது. தொலைதூரக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கூலிங் டவருக்குத் தனிக் கவனம் தேவை, ஏனெனில் அதன் திவலை கட்டடத்துக்குள் நிற்பதில்லை. 2002இல் இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில், நகராட்சிக் கலை மையத்தின் குளிரூட்டும் அமைப்பிலிருந்து தெருவில் பரவிய திவலைகளால் 7 பேர் இறந்தனர். அதன் நீருக்கான ரசாயனப் பராமரிப்பு ஒப்பந்தம் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. செலவைக் குறைக்கும் கூட்டத்தில் இந்த ஒப்பந்தம் பேச்சுக்கு வந்தால், தயவுசெய்து அந்த 7 பேரை நினைவூட்டுங்கள். திவலைத் தடுப்புத் தகடுகள் உடைந்திருக்கின்றனவா, அடித்தொட்டியில் சேறு சேர்ந்திருக்கிறதா என்பதை நேரில் பாருங்கள்.

ஆய்வக மாதிரியைக் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இட்ட பாட்டிலில் எடுக்க வேண்டும்; இல்லையேல் வழியிலேயே பாக்டீரியா மடிந்து, முடிவு பொய்யாக நல்லதாக வரும். மாதிரியிலுள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை முடியச் சுமார் 10 நாள் ஆகும் என்பதால், வெப்பமும் குளோரினும் எழுதும் அன்றாடப் பதிவேட்டை அது ஈடுசெய்யாது. அப்பதிவேட்டில் அளவு தவறினால் குழாயை மூடும் அதிகாரம் உள்ள ஒருவரின் பெயரையும், அவர் விடுப்பில் இருக்கும் நாளுக்கு மாற்றாள் பெயரையும் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.