மஞ்சள் பூ மட்டும் போதாது: புதிய காட்டுச் செடியை விவரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கிடைத்த ஒரு காட்டுச் செடியை விவரித்து எழுத உட்காரும்போது பலரும் பூவின் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கண்ணில் முதலில் படுவது அதுதானே. ஆனால் மஞ்சள் நிறத்தைப் போல ஏமாற்றும் அடையாளம் குறைவு. சூரியகாந்திக் குடும்பத்தில் மட்டும் 25,000-க்கும் அதிகமான சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றில் மஞ்சளாகப் பூப்பவை ஏராளம். போதாததற்கு, அழுத்திக் காயவைத்த பூ சில காலத்தில் வெளிறிவிடும், அல்லது பழுப்பாகிவிடும். தாளில் ஒட்டிய செடியைப் பார்த்து நிறம் எழுதுவது தவறு. செடி நிற்கும் இடத்திலேயே, பகல் வெளிச்சத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சை மஞ்சளா, ஆரஞ்சு சாயலா, தொண்டைப் பகுதியில் சிவப்புக் கோடுகள் உண்டா, இதழின் பின்புறம் வேறு நிறமா என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் வர வேண்டும்.

சூரியகாந்திக் குடும்பத்துச் செடியாக இருந்தால் இன்னொரு குழப்பமும் சேரும். பூ என்று நாம் நினைப்பது பல சிறுமலர்கள் சேர்ந்த தலைமஞ்சரி. அதைப் பார்த்து ‘12 இதழ்கள்’ என்று எழுதினால் முழு விவரணையும் ஆட்டம் கண்டுவிடும். ஓரத்தில் இதழ் போல நீளும் கதிர்ச் சிறுமலர்களையும் நடுவில் நெருங்கி நிற்கும் வட்டத்தட்டுச் சிறுமலர்களையும் தனித்தனியாக எண்ண வேண்டும். அடியில் இருக்கும் வட்டப் பூவடிச் செதில்கள் எத்தனை வரிசை, எல்லாம் ஒரே நீளமா, விளிம்பு எப்படி என்று பார்க்க வேண்டும். அடையாளம் பெரும்பாலும் அங்கேயும் கனியிலும்தான் ஒளிந்திருக்கும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான்: செடி எப்படி இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்லாமல் விடுவது. ‘மஞ்சள் பூக்களும் மென்மயிரும் கொண்ட, 30 செ.மீ. உயரம் வளரும் சிறுசெடி’ என்ற வரி நூற்றுக்கணக்கான செடிகளுக்குப் பொருந்தும். நெருங்கிய உறவுச் செடியின் பெயரைச் சொல்லி, ‘அதில் பூவடிச் செதில்கள் 13, இதில் 8, அதன் கனி மயிரடர்ந்தது, இதன் கனி வழவழப்பானது’ என்று எதிரெதிரே வைத்தால்தான் படிப்பவருக்குச் செடி பிடிபடும். இரண்டிலும் ஒரே உறுப்பை ஒப்பிடுவது முக்கியம். ஒன்றின் இலையையும் மற்றதன் கனியையும் சொன்னால் அது ஒப்பீடே ஆகாது.

மயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தண்டு மயிருடையது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை எடுத்துப் பார்த்தால் எவ்வளவோ தெரியும். மயிர் கிளைத்ததா, தனித்ததா, தண்டோடு படிந்திருக்கிறதா, விலகி நிற்கிறதா, நுனியில் பளபளக்கும் சுரப்பிக் குமிழ் உண்டா என்பதில்தான் சில சிற்றினங்களே பிரிகின்றன.

சரி, வேறுபாடு இருக்கிறது. உடனே புதிய சிற்றினம் என்று முடிவுகட்டலாமா? ஒரே ஒரு செடியை அளந்து ‘இலை 5 செ.மீ. நீளம்’ என்று எழுதுவது ஆபத்து. நிழலில் நிற்பதும் வெயிலில் நிற்பதும் ஒரே மாதிரி வளராது. பல செடிகளை அளந்து வீச்சைக் கொடுக்க வேண்டும், காய்ந்த நிலையில் அளந்ததா பச்சையாக அளந்ததா என்றும் சொல்ல வேண்டும். தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வட அமெரிக்காவின் டிராகோபோகான் மிசெல்லஸ் என்ற சூரியகாந்திக் குடும்பச் செடி நல்ல உதாரணம். ஐரோப்பாவிலிருந்து வந்த இரண்டு மஞ்சள் பூ இனங்கள் அங்கே கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து உருவான இதை 1950-இல் தாவரவியலாளர் மேரியன் ஓன்பே விவரித்தார். எந்த இனம் தாய்ச்செடி என்பதைப் பொறுத்து இதன் நாக்கு வடிவச் சிறுமலர்கள் குட்டையாகவோ நீளமாகவோ அமைகின்றன. வரலாறு தெரியாதவர் இரண்டு சிற்றினங்கள் என்றே எழுதிவிடுவார். கலப்பினச் சந்தேகம் இருந்தால் குரோமோசோம் எண்ணிக்கையும் மரபணுத் தரவும் இல்லாமல் எழுதாமலிருப்பதே நல்லது.

பழைய மாதிரிகளைப் பார்க்காமல் எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புதிய பூக்கும் தாவரங்களில் 16 சதவீதம் மட்டுமே சேகரித்த 5 ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை. ஏறத்தாழ கால்வாசிக்கு 50 ஆண்டுகளுக்கும் பழைய மாதிரிகள் தேவைப்பட்டிருக்கின்றன. அதாவது உங்கள் செடி ஏற்கெனவே காய்ந்த செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் ஏதோ ஒரு ஹெர்பேரியத்தில், தவறான பெயரோடு கிடக்க வாய்ப்பு உண்டு. அதேபோல, தாவரப் பெயரிடலின் தொடக்கமாகக் கொள்ளப்படும் 1753 முதல் வெளியான பெயர்களில் எதுவாவது இதே செடிக்கு வைக்கப்பட்டு, பின்னர் வேறு இனத்தோடு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது பூத்த கிளையை மட்டும் ஒடித்து வருகிறார்கள். சிறுசெடிக்கு வேர் முக்கியம். ஒருபருவமா, பல்லாண்டா என்பது அங்கேதான் தெரியும். காய்க்கும் காலத்தில் அடி இலைகள் உதிர்ந்துவிடலாம் என்பதால் மறுபடியும் ஒருமுறை போக வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு பூக்களை நீளவாக்கில் பிளந்து, உட்புறம் தெரியும்படி அழுத்துங்கள். இலைத்துண்டு ஒன்றை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு வைத்தால் பிறகு மரபணு ஆய்வுக்கு உதவும். பத்துச் செடிகள்தான் நிற்கின்றன என்றால் வேரோடு பிடுங்க வேண்டாம், கிளையும் படமும் போதும். செடிகளைச் சேகரிப்பதற்கு முன்பே முறையான அனுமதியை வாங்கிவிட வேண்டும்.

அப்புறம், பெயரிடல் விதிகள். பெயருக்கு ஆதாரமாக நிற்கும், ஹோலோடைப் எனப்படும் மூல மாதிரி எது, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுதாவிட்டால் பெயர் செல்லாது. வெறும் புகைப்படத்தை ஹோலோடைப்பாக வைக்க முடியாது. அதே சேகரிப்பில் எடுத்த நகல் மாதிரிகளைக் குறைந்தது இன்னொரு ஹெர்பேரியத்துக்காவது அனுப்புங்கள். 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியம் எரிந்தபோது, வேறெங்கும் நகல் இல்லாத எத்தனையோ மூல மாதிரிகள் போய்விட்டன. பெயரின் முறையான விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 2012-க்கு முன்பு லத்தீன் கட்டாயமாக இருந்தது. செய்தித்தாளில் வந்த பெயருக்கு மதிப்பில்லை, முனைவர் பட்ட ஆய்வேட்டில் வந்ததற்கும் பொதுவாக அப்படித்தான். ஆய்விதழில் வெளிவரும்வரை பெயரை வெளியே சொல்லாதீர்கள்.

மஞ்சள் என்பதால், லத்தீனில் அதே பொருள் தரும் ‘லூட்டியா’ என்று பெயர் வைக்கத் தோன்றும். அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே இருந்தால் உங்களுடையது தள்ளப்படும். லத்தீன் பெயரின் ஆண்பால், பெண்பால் விகுதி தவறினால் பின்னால் திருத்திக்கொள்ளலாம், ஏற்கெனவே உள்ள பெயரை வைத்துவிட்டால் திருத்த வழியில்லை. பெயரை முன்கூட்டியே சர்வதேசத் தாவரப் பெயர்ப் பட்டியலில் தேடிவிடுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் பார்த்ததை வைத்து ‘மிக அருகிய இனம்’ என்று அறிவிப்பதும் தவறு. பரப்பு குறைவாக இருப்பது மட்டும் காரணமாகாது. பரப்பின் அடிப்படையில் ஐயூசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம்) வகைப்படுத்தும்போது, தொடர்ச்சியான சரிவு போன்ற வேறு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். 50-க்கும் குறைவான முதிர்ந்த செடிகளே உள்ளன என்று உறுதியாகத் தெரிந்தால் அது வேறு. அக்கம்பக்கத்து மலைகளைத் தேடியே பார்க்கவில்லை என்றால் ‘தரவு போதாது’ என்று எழுதுவதே நேர்மை. உண்மையிலேயே அரிதாக இருந்தால், துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையை அச்சில் போட வேண்டாம், செடி பிடுங்கி விற்பவர்களும் படிக்கிறார்கள். முழு விவரத்தையும் ஹெர்பேரியத்துக்குக் கொடுத்து, பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.