தோட்ட ஊரில் வீடு விற்க முகநூலும் புலனமும் (வாட்ஸ்அப்): புதிய முகவர்களுக்கான செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஊரில் வீடு தேடுபவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்துகொண்டு, தோட்டத்து வீட்டிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு பார்க்கிறார்கள். வீட்டை அவர்கள் முதலில் பார்ப்பது கைப்பேசியில்தான். விளம்பரத்தில் ஒரு விவரம் விடுபட்டாலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆயிரம் லைக் வேண்டாம், விவரம் முழுமையாக இருக்கட்டும்.

1. படம் எடுக்கும் முன் பத்திரங்கள்

உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ நியமனக் கடிதம் வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி விளம்பரம் போட்டால், அதே வீட்டை இன்னொரு முகவர் வேறு விலைக்குப் போட்டிருப்பார். இருவர் பெயரும் கெடும். உங்கள் பெயர், ஆர்இஎன் எண் (முகவராக உங்களுக்குத் தரப்பட்ட பதிவு எண்), நிறுவனப் பெயர், அதன் பதிவு எண் எல்லாப் பதிவிலும் இருக்கட்டும். இந்தத் தொழில் மலேசியாவின் 1981ஆம் ஆண்டின் சட்டம் 242-இன் கீழ் வருகிறது. வீடு வாங்குபவரே உங்கள் ஆர்இஎன் எண்ணை, முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். அப்படிச் சரிபார்க்கச் சொல்லி நீங்களே எழுதுங்கள்.

அடுத்து நிலப்பட்டாவைப் பாருங்கள். ஃபிரீஹோல்டா (நிரந்தர உரிமை), லீஸ்ஹோல்டா (குறிப்பிட்ட ஆண்டுக் குத்தகை)? லீஸ்ஹோல்டு என்றால் எத்தனை ஆண்டு மீதம்? பெயர் மாற்றத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் தேவையா? மலாய்க்காரர் மட்டுமே வாங்கக்கூடிய மலாய் ரிசர்வ் நிலமா? கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால், வாங்கவே முடியாத வீட்டைக் காட்டி ஒரு குடும்பத்தை ஊருக்கு வரவழைத்த பாவம் உங்களைச் சேரும்.

2. படங்கள்

காலை 9 முதல் 11 மணிக்குள், திரைச்சீலையை விலக்கி, எல்லா விளக்கையும் போட்டு எடுங்கள். அறை மூலையில் நின்று, கைப்பேசியை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் வேண்டாம். சின்ன ஹால் பெரிதாகத் தெரியும், நேரில் வந்தவர் முகம் வாடும். 10 முதல் 12 படம் போதும்: முகப்பு, ஹால், சமையலறை, அறைகள், குளியலறை, பின்புறம், வீட்டு முன் சாலை. கூரை ஒழுகிய கறை இருந்தால் அதையும் சேருங்கள். சாமி அறைப் படமும் குடும்பப் படங்களும் வேண்டாம்; கார் எண் பலகையை மறைத்துவிடுங்கள்.

3. எழுத்து

இப்படி எழுதலாம்:

"சுங்கை சிப்புட். ஒரு மாடி தெர்ரஸ் (வரிசை வீடு), நடு வீடு. நிலம் 20க்கு 65 அடி. 3 அறை, 2 குளியலறை. லீஸ்ஹோல்டு, மீதம் 71 ஆண்டு. விலை 180,000 வெள்ளி (ரிங்கிட்). மகாத்மா காந்தி கலாசாலைக்குக் காரில் 6 நிமிடம்."

'விலைக்குப் பிஎம் செய்க' (தனிச் செய்தியில் கேளுங்கள்) என்று எழுதாதீர்கள். விலை தெரியாத வீட்டுக்காகச் சிங்கப்பூரிலிருந்து யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

இதன்கீழ் கைக்காசுக் கணக்கையும் போடுங்கள். வங்கி 90% கடன் தந்தால் முன்பணம் 18,000 வெள்ளி. பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000க்கு 1%, அடுத்த 80,000க்கு 2%, ஆக 2,600 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கு 0.5%, அதாவது 810 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி. முதல் வீட்டுக்கு வரி விலக்கு உண்டா என்று வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்குதான் வாங்குபவரை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்.

4. எங்கே போடுவது

முகநூல் பக்கம், மார்க்கெட்பிளேஸ், ஊர்க் குழுக்கள். குழுவில் போட அட்மினிடம் அனுமதி கேளுங்கள்; ஒரே பதிவைத் தினமும் போட்டால் நீக்கிவிடுவார்கள். காசு கொடுத்து பூஸ்ட் செய்தால் நாளுக்கு 10 வெள்ளி, ஐந்து நாள் போதும். விளம்பரம் போய்ச் சேரும் இடமாக ஊரோடு கிள்ளான் பள்ளத்தாக்கையும் (கோலாலம்பூரும் சுற்றுப்புறமும்) சிங்கப்பூரையும் சேருங்கள்.

5. புலனம்

வாட்ஸ்அப் பிசினஸில் வீடுகளை கேட்டலாக்கில் (பட்டியல்) ஏற்றி, வழக்கமான பதில்களைச் சேமித்து வையுங்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். முதல் உரையாடலிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குக் குரல் பதிவு அனுப்புவது நல்லது. முன்பணம், வாடிக்கையாளர் பணத்துக்கென நிறுவனம் தனியாக வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கு எண்ணை எந்த நிலையிலும் அனுப்பாதீர்கள்.

வீடு விற்றதும் பதிவை அழிக்காமல், முதல் வரியில் "விற்கப்பட்டது" என்று சேர்த்து, அதே தாமானில் கைவசம் உள்ள வேறு வீட்டின் இணைப்பைக் கீழே போடுங்கள்.