புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளும் டொமைன் வியாபாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், வாங்கி விற்கலாம் என்று யோசனை கேட்டு வருகிற தம்பிகள் கோவையில் இருந்து வந்தாலும் திருப்பூரில் இருந்து வந்தாலும் ஒரே மாதிரி ஸ்கிரீன்ஷாட்டோடுதான் வருகிறார்கள். இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டிய ஏதோ ஒரு டாட் காம் பெயர், அதன் கீழே 4,995 டாலர், பக்கத்தில் வாங்குவதற்கான பொத்தான். பெயர்களை வாங்கிக் குவித்து விற்கிற ஹியூஜ்டொமைன்ஸ் பக்கமாக இருக்கும், இல்லையென்றால் அஃப்டர்னிக் என்கிற டொமைன் சந்தை. "ஏனுங்கண்ணா, இந்தப் பேருக்கே நாலு லட்சத்துக்கு மேல சொல்றானுங்க. நம்மகிட்ட இதைவிட நல்ல பேரெல்லாம் இருக்குதுங்களே" என்பார்கள்.

எழுத்துப்பிழையோடு பதிவது, நடுவில் ஹைஃபன் போடுவது, பாஸ்வேர்டைத் தொலைப்பது எல்லாம் இங்கே வராது. ஒருமுறை கை சுட்டால் அவை தானாகப் புரிந்துவிடும். கை சுட்ட பிறகும் தொடர்கிற தப்புகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நானும் ஆரம்பத்தில் அந்த வழியாக வந்தவன்தான்.

சொல்லும் விலையை விற்ற விலை என்று நினைப்பது

அந்த 4,995 டாலர் கேட்கிற விலை. அந்தப் பெயர் பல வருஷமாக அதே விலையில் கிடக்கலாம். லட்சக்கணக்கில் பெயர் வைத்திருக்கிற கம்பெனியில் ஒவ்வொரு பெயராக எடுத்து யாரும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. மென்பொருள் போடுகிற விலைதான் பெரும்பாலும். பேசினால் குறைப்பவர்களும் உண்டு.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு, நூறு பெயர் கையில் இருந்தால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ போகும் என்பது. மீதியெல்லாம் சும்மா இருக்கும். 2019ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனது செய்தியானதற்குக் காரணமே அப்படி அடிக்கடி நடப்பதில்லை என்பதுதான். உண்மையில் விற்ற விலை தெரிய வேண்டுமானால் நேம்பயோ மாதிரியான தளத்தில் வெளியே தெரிந்த விற்பனைகளைத் தேடிப் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவதற்கு முன் அந்த ஐந்து நிமிஷ வேலையைச் செய்துவிட்டு வாருங்கள்.

புதுப்பிப்புச் செலவை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிற தப்பு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் கையில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஒரு பெயரின் மொத்த விற்பனை விலை வருஷத்துக்கு 10.26 டாலர் ஆனது. அதற்கு மேல், உலக அளவில் டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கிற ஐகான் அமைப்புக்குச் சில சென்ட். சொந்தமாக ரிஜிஸ்ட்ரார், அதாவது பெயர் பதிந்து தருகிற கம்பெனி, வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெயருக்குச் செலவு ஏறத்தாழ அவ்வளவுதான். ஹியூஜ்டொமைன்ஸ், பெயர் பதிகிற நேம்பிரைட், காலாவதியான பெயர்களைப் பிடிக்கிற டிராப்கேட்ச் மூன்றும் அமெரிக்காவின் டென்வரில் இருக்கிற டர்ன்காமர்ஸ் குழுமத்தின் பிள்ளைகள். பெரிய ரிஜிஸ்ட்ராரான கோடாடியும் அப்படித்தான். 2013ல் அஃப்டர்னிக் சந்தையை வாங்கினார்கள். 2015ல் மார்செக்ஸ் கம்பெனியிடம் இருந்து சுமார் 2 லட்சம் பெயர்களை 2.8 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 2020ல் யூனிரிஜிஸ்ட்ரி கம்பெனியோடு சேர்த்து அதன் நிறுவனர் ஃபிராங்க் ஷில்லிங்கின் சுமார் 3.5 லட்சம் பெயர்களும் அவர்களிடம் வந்து சேர்ந்தன. பிடிக்கிறவர், வைத்திருக்கிறவர், கடையில் அடுக்குகிறவர் எல்லாம் ஒரே வீட்டுக்காரர். நடுவில் யாருக்கும் கமிஷன் போகாது.

ஒரு உதாரணக் கணக்கு. 10 லட்சம் பெயர் இருக்கிறது, ஒன்றுக்கு 10.5 டாலர் என்றால் வருஷச் செலவு 1.05 கோடி டாலர். நூற்றுக்கு ஒன்று விற்றால் 10,000 பெயர். சராசரி 2,000 டாலர் வைத்தாலும் 2 கோடி டாலர் வருகிறது. விற்காத 9,90,000 பெயர்களின் செலவை விற்ற 10,000 பெயர்கள் சுமக்கின்றன, மீதியும் நிற்கிறது. சரக்கு அவ்வளவு பெரிதாக இருப்பதால் நூற்றுக்கு ஒன்று என்கிற சராசரி வருஷா வருஷம் ஏறத்தாழ அப்படியே நடக்கும். எந்தப் பெயர் விற்கும் என்று அவர்களுக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 2019ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தி வந்த சூட்டோடு பெருந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் மஞ்சள் பெயர்களாக அள்ளிவிட்டார். ஊர்ப்பெயரோடு மஞ்சள், ஆர்கானிக்கோடு மஞ்சள், மஞ்சளோடு ஸ்டோர், மஞ்சளோடு ஷாப், ஒவ்வொன்றிலும் டாட் காம், டாட் இன், டாட் ஆர்க். மொத்தம் 300. முதல் வருஷம் கூப்பன் விலை என்பதால் பெரிதாக உறைக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட்டைக் காட்டினார். மூன்று பத்தி: பெயர், வாங்கிய விலை, எதிர்பார்க்கும் விலை. மூன்றாவது பத்தியின் கூட்டுத்தொகை ஒன்றரைக் கோடியைத் தாண்டி இருந்தது. அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் வேறு அடித்திருந்தார்.

"தம்பி, நாலாவதா ஒரு பத்தி போடுங்க. புதுப்பிக்கற செலவு" என்றேன். கூப்பன் இரண்டாம் வருஷம் கிடையாது. ஜிஎஸ்டி 18 சதவீதத்தையும் சேர்த்துச் சராசரி 1,200 ரூபாய் என்று போட்டார். கீழே 3,60,000 என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பத்துப் பேரு வித்தாப் போதுங்களேண்ணா" என்றார்.

அந்தப் பத்து எங்கிருந்து வரும்? நூற்றுக்கு ஒன்று என்கிற விகிதம் எல்லாப் பெயருக்கும் பொருந்தாது. பெரிய கம்பெனிகளிடம் இருப்பவற்றில் பெரும்பங்கு ஒருகாலத்தில் யாரோ பதிந்து வைத்திருந்து கைவிட்ட பெயர்கள். ஒருவருக்கு வேண்டியிருந்தது இன்னொருவருக்கும் வேண்டியிருக்கலாம். தம்பி வாங்கியதோ அன்று வரை யாரும் சீண்டாமல் சும்மா கிடந்தவை. அந்த மாதிரிச் சரக்கில் 300க்கு ஒன்று போனாலே அதிர்ஷ்டம். அதுவும் 1 லட்சத்துக்குப் போனால் சந்தைக் கமிஷன் 15 முதல் 25 சதவீதம் வரை போக மீதிதான் கைக்கு வரும். அதை வைத்து மூன்றரை லட்சத்தை எப்படி அடைப்பது?

இன்னொரு விஷயத்தையும் அவர் யோசிக்கவில்லை. பெரிய கம்பெனிகள் ஆளைத் தேடிப் போவதில்லை. உலகத்தில் எந்த மூலையில் ஒருவர் பெரிய ரிஜிஸ்ட்ரார் தளங்களில் பெயர் தேடினாலும், இவர்கள் வைத்திருக்கிற பெயர் பிரீமியம் என்கிற அடையாளத்தோடு அங்கேயே வந்து நிற்கிற மாதிரி வலையமைப்பு போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒருவர் கம்பெனிக்குப் பெயர் முடிவு செய்துவிட்டு, அந்த ஒரு பெயர்தான் வேண்டும் என்று வருவார். அவரிடம்தான் 4,995 வாங்க முடியும். நம்ம பக்கத்து முதலாளி அப்படி இல்லை. கேட்ட பெயர் கிடைக்கவில்லை என்றால் பின்னால் 'எக்ஸ்போர்ட்ஸ்' சேர்ப்பார், அதுவும் இல்லையென்றால் 'இந்தியா' சேர்ப்பார், ஆயிரம் ரூபாயில் வேலையை முடித்துவிடுவார். அதில் தப்பும் இல்லை. தம்பி போய்க் கேட்ட மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர், "என்ற கடை பேரு எல்லாருக்கும் தெரியும். இந்தப் பேரை வச்சுட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எனக்கு எரிச்சல் வாங்கியதில் இல்லை, அதற்கப்புறம் நடந்ததில். இரண்டாம் வருஷம் 300ஐயும் புதுப்பித்தார். "இதை விட்டுட்டா நாளைக்கே எவனாவது எடுத்துருவான்" என்பதுதான் காரணம். யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். மூன்றாம் வருஷம் நூறைப் புதுப்பித்தார். கடைசியில் கோவையில் இயற்கை விளைபொருள் விற்கிற ஒருவருக்கு ஒரே ஒரு பெயர் 18,000 ரூபாய்க்குப் போனது.

ஆகவே வாங்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றுகூட விற்காமல் போனாலும் மூன்று வருஷம் கட்டத் தாங்குமா? தாங்குகிற எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக, இதைவிட மோசமான பெயரில் இப்போது தொழில் நடத்துகிற கம்பெனி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நாலைந்து பேராவது இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் இல்லையென்றால் ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள். மனசு கேட்காதுதான். அணைத்துவிடுங்கள்.

நள்ளிரவில் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது

டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால் உடனே வெளியே வந்துவிடாது. முதலில் ரிஜிஸ்ட்ரார் தருகிற சலுகைக் காலம், அது அதிகபட்சம் 45 நாள். பிறகு பழைய உரிமையாளர் அபராதம் கட்டி மீட்க 30 நாள். அதற்குப் பின் அழிப்புக்குக் காத்திருக்கிற 5 நாள். அதன் பிறகுதான் பொதுவுக்கு வரும், நம்ம நேரப்படி நள்ளிரவை ஒட்டி. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து உட்கார்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அங்கே எதிரே யார் நிற்கிறார்கள் தெரியுமா? பெயர் விழுகிற நொடியில் பதிவேட்டின் கதவைத் தட்டுகிற உரிமை ஒவ்வொரு ரிஜிஸ்ட்ராருக்கும் அளவாகத்தான் உண்டு. ஆகவே நிறையத் தட்ட வேண்டுமானால் நிறைய ரிஜிஸ்ட்ரார் வேண்டும். டிராப்கேட்ச் 2016ல் ஒரே மூச்சில் புதிதாக 500 ரிஜிஸ்ட்ரார் அங்கீகாரங்களை வாங்கிக் குவித்தது. ஒவ்வொன்றுக்கும் ஐகானுக்கு வருஷக் கட்டணம் மட்டும் 4,000 டாலர். அந்தக் கூட்டத்தில் உங்கள் வீட்டு வைஃபை என்ன செய்யும்?

அதுவும் நல்ல பெயர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டம் வரை வருவதே இல்லை. சலுகைக் காலத்திலேயே ரிஜிஸ்ட்ரார் ஏலத்தில் விட்டுவிடுவார். ஆசைப்பட்ட பெயர் ஒன்று இருந்தால் அது எந்த ரிஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, அவர் எந்த ஏலத்தளத்துக்கு அனுப்புகிறார் என்று பார்த்து அங்கே கேளுங்கள். பிடித்துத் தருகிற சேவைகளில் முன்பதிவும் செய்து வைக்கலாம், கிடைத்தால்தான் பணம் எடுப்பார்கள். போட்டிக்கு இன்னொருவர் இருந்தால் அங்கேயும் ஏலம்தான்.

பார்க்கிங் விளம்பரத்தை நம்புவது

சும்மா கிடக்கிற பெயரில் விளம்பரம் போட்டுக் காசு பார்த்த காலம் ஒன்று இருந்தது. மக்கள் முகவரிப் பெட்டியில் நேராகப் பெயரைத் தட்டிய காலம் அது. ஐந்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்கிற விதியை வைத்து லட்சக்கணக்கில் பெயரைப் பதிந்து, விளம்பரம் ஓடுகிறதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தவர்கள் இருந்தார்கள். ஐகான் 2008, 2009ல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. இன்று பார்க்கிங்கில் வருவது உங்கள் புதுப்பிப்புச் செலவுக்கே காணாது.

பிராண்டு பெயரில் கை வைப்பது

வேண்டாம். அடுத்தவர் பிராண்டைப் பதிந்தால் பெயரைப் பறித்து உரியவரிடம் கொடுக்க 1999ல் இருந்தே யுடிஆர்பி என்கிற விதிமுறை இருக்கிறது, டாட் இன்னுக்கு அதே மாதிரி ஐஎன்டிஆர்பி இருக்கிறது, சிஃபி வழக்கில் 2004லேயே உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கான பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது.

டாட் ஏஐ மோகம்

டாட் ஏஐ என்று முடிகிற பெயருக்குக் குறைந்தபட்சம் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். மேலே சொன்ன புதுப்பிப்புச் செலவுப் பத்தியை எக்செல்லில் முதலில் போடுங்கள்.

ஊரெல்லாம் மெயில் அடிப்பது

ஒரு பெயருக்குப் பொருத்தமான பத்துப் பேருக்கு ஒருமுறை எழுதலாம். ஐநூறு பேருக்கு அடித்தால் ஸ்பேம்.

தவணை என்றவுடன் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிடுவது

பெரிய கம்பெனிகளுக்குத் தவணை விற்பனை நல்ல வருமானம். மாதம் இவ்வளவு என்று கட்டச் சொல்வார்கள். வாங்கியவர் முதல் மாதமே பெயரைப் பயன்படுத்தலாம். ஆனால் உரிமை கடைசித் தவணை வரைக்கும் கம்பெனியிடமே இருக்கும். நடுவில் நின்றுவிட்டால் கட்டியது போனது, பெயரும் திரும்ப அலமாரிக்கு. 4,995 டாலரை ஒரே மூச்சில் தர முடியாதவரும் இப்படி வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார்.

நம்ம பக்கத்தில் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். கரூர்க்காரர், தெரிந்தவர், வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறார் என்று முதல் தவணை வந்ததுமே பெயரை அவர் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். மூன்றாவது தவணைக்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. போலீஸுக்குப் போகிற அளவுக்குப் பெரிய தொகையும் இல்லை, கல்யாணத்தில் பார்த்தால் சிரிக்க வேண்டிய உறவு வேறு.

பெயர் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். பெயர் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிற டிஎன்எஸ் விவரத்தை மட்டும் அவர் கேட்கிறபடி மாற்றிக் கொடுங்கள், அவருடைய தளமும் மெயிலும் அதிலேயே ஓடும். தொகை பெரிது என்றால் நடுவில் எஸ்க்ரோ, அதாவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பணத்தைப் பிடித்து வைக்கிற சேவை, வைத்துக்கொள்ளுங்கள். தவணைக் காலத்தில் வருகிற புதுப்பிப்புக் கட்டணம் யாருடையது என்பதையும் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். அது வாங்குகிறவருடையது.