பேக்கப் தினமும் முழுசா ஓடுதா? மவுன்ட் ஆப்ஷன்ல இனோட் நம்பர செக் பண்ணுங்க

நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டி வெக்கிற ஸ்டோரேஜ் பெட்டி) இருக்கிற ஷேர லினக்ஸ்ல சிஃப்ஸ் வழியா (விண்டோஸ் ஷேர் பயன்படுத்துற எஸ்எம்பி முறை) மவுன்ட் பண்ணி, அதாவது ஒரு ஃபோல்டரா இணைச்சு, அதுலருந்து பேக்கப் எடுக்குறவங்களுக்கு இது. ஒரு ஃபைலும் மாறல, ஆனா மெஷின ரீபூட் பண்ணினா பேக்கப் மறுபடி மொதல்லேர்ந்து எல்லாத்தையும் படிக்குது, மணிக்கணக்கா ஓடுது. நெட்வொர்க் ஸ்லோன்னு ரூட்டர மாத்துறதுக்கு முன்னாடி இனோட் நம்பர பாருங்க, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் இருக்கிற அடையாள எண்ண.

போர்க் மாதிரி பேக்கப் டூல்கள் ஒரு ஃபைல் மாறிச்சான்னு கண்டுபிடிக்க சைஸையும் நேரத்தையும் மட்டும் பாக்குறதில்ல, இனோட் நம்பரையும் சேத்துதான் பாக்கும். அது மாறிட்டா அதுக்கு அது புது ஃபைல், திரும்ப படிச்சே ஆகணும். லோக்கல் டிஸ்க்ல அந்த நம்பர் டிஸ்க்லயே பதிஞ்சிருக்கு, அதனால கவலையில்ல. நெட்வொர்க் ஷேர்ல அந்த நம்பர யார் குடுக்குறாங்கங்கிறதுதான் கேள்வியே.

ரெண்டு வழி இருக்கு. சர்வர்ஐநோன்னு ஒரு ஆப்ஷன், இதுதான் டீஃபால்ட், இதுல சர்வர் குடுக்குற ஃபைல் ஐடிய அப்படியே இனோட் நம்பரா எடுத்துக்கும். நோசர்வர்ஐநோ போட்டா உங்க மெஷினே ஒரு நம்பர உருவாக்கிக்கும், அது தற்காலிகம்தான், அன்மவுன்ட் பண்ணி மறுபடி மவுன்ட் பண்ணினா அதே நம்பர் வரும்னு நம்பவே முடியாது. ஹார்ட்லிங்க்கும் தெரியாது, ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேர் இருந்தா ரெண்டு ஃபைலாதான் காட்டும்.

நீங்க எதுவும் போடலன்னாலும் கெர்னலே சில நேரம் சர்வர்ஐநோவ ஆஃப் பண்ணிடும், சர்வர் சரியா ஐடி குடுக்கலன்னு அதுக்கு தோணினா. அதனால எஃப்எஸ்டேப்ல (எத எங்க மவுன்ட் பண்ணணும்னு எழுதி வெக்கிற ஃபைல்) எழுதினத நம்பாதீங்க, ஃபைன்ட்மவுன்ட் கமாண்ட் அடிச்சு இப்ப எந்த ஆப்ஷன் ஓடுதுன்னு பாருங்க, டிமெசேஜ்லயும் (கெர்னல் எழுதுற லாக்) சர்வர் இனோட் நம்பர ஆஃப் பண்ணிட்டதா ஒரு வரி வந்திருக்கான்னு தேடுங்க.

அப்புறம் நேரா டெஸ்ட் பண்ணிடலாம். ஷேர்ல நாலஞ்சு ஃபைல் எடுத்து ஸ்டாட் கமாண்ட் அடிச்சு, அது காட்டுற இனோட் நம்பர குறிச்சு வைங்க. அன்மவுன்ட் பண்ணிட்டு திரும்ப மவுன்ட் பண்ணுங்க, ரீமவுன்ட் ஆப்ஷன் போட்டா பத்தாது. மொதல்ல வேற ஏதாவது ஃபோல்டர லிஸ்ட் பண்ணிட்டு அப்புறம் அதே ஃபைல்களுக்கு ஸ்டாட் அடிங்க. நம்பர் மாறலன்னா பிரச்சனை இங்க இல்ல.

எஃப்எஸ்டேப்ல வரி இப்படி இருக்கலாம் (ஃபைல்ல எல்லாமே இங்கிலீஷ் எழுத்துல தான் அடிக்கணும்):

//நாஸ்/டேட்டா /எம்என்டி/டேட்டா சிஃப்ஸ் கிரெடென்ஷியல்ஸ்=/ரூட்/.நாஸ்பாஸ்,யூஐடி=1000,ஜிஐடி=1000,ஃபைல்_மோட்=0640,டிர்_மோட்=0750,வெர்ஸ்=3.0,சர்வர்ஐநோ,_நெட்டெவ்,நோஃபெயில் 0 0

பாஸ்வேர்ட எஃப்எஸ்டேப்லயே எழுதாதீங்க, அத யார் வேணா படிக்கலாம், தனி ஃபைல்ல வெச்சு பர்மிஷன் 600 குடுங்க. நோஃபெயில் கட்டாயம் போடுங்க, இல்லன்னா நாஸ் ஆஃப்ல இருக்கிற அன்னைக்கு மெஷின் பூட் ஆகுறப்ப அதுக்காக காத்திருந்து லேட் ஆகலாம். வெர்ஸ்=1.0 மட்டும் வேண்டவே வேண்டாம், 2017ல வானாக்ரைங்கிற ரான்சம்வேர் பரவினது அந்த பழைய எஸ்எம்பி 1ல இருந்த ஓட்டை வழியாதான்.

இப்ப சர்வர்ஐநோ போட்டும் சிக்கல் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. ஒரே ஷேருக்கு அடியில சர்வர்ல ரெண்டு டிஸ்க் மவுன்ட் ஆகியிருந்தா ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்க முடியும், உதாரணமா லினக்ஸோட இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்துல ரூட் ஃபோல்டருக்கு எப்பவுமே 2தான். சர்வர் அத வேற வேற ஐடியா மாத்தி அனுப்பணும், எல்லா சர்வரும் அப்படி செய்யும்னு உத்தரவாதம் இல்ல. ஃபைன்ட் கமாண்ட் சம்பந்தமே இல்லாம லூப் இருக்குன்னு கத்தினா இதத்தான் மொதல்ல சந்தேகப்படணும். நிறைய பேர் உடனே நோசர்வர்ஐநோ போடுன்னு சொல்வாங்க, என்ன கேட்டா அது கடைசி வழி. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ஷேரா குடுத்துடுங்க, பிரச்சனை வேர்லயே போயிடும்.

சர்வர் உங்க கையில இல்ல, ஐடியும் நிலையா வரல, அப்ப பேக்கப் டூல் பக்கம் மாத்திக்கலாம். போர்க்ல ஃபைல்ஸ் கேஷ் ஆப்ஷன்ல சிடைம் (ஃபைல் கடைசியா மாறின நேரம்), சைஸ் ரெண்ட மட்டும் குடுங்க, ரெஸ்டிக்ங்கிற டூல்ல இக்னோர்-இனோட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. டார்ல இன்க்ரிமென்டல் (மாறினத மட்டும் எடுக்குற பேக்கப்) எடுக்குறவங்க நோ-செக்-டிவைஸ் போடணும், ஏன்னா நெட்வொர்க் மவுன்ட்ல இனோட் அப்படியே இருந்தாலும் டிவைஸ் நம்பர் (எந்த டிஸ்க் அல்லது மவுன்ட்னு காட்டுற எண்) ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் மாறலாம்.

சிஃப்ஸுக்கு பதிலா என்எஃப்எஸ்ங்கிற இன்னொரு ஷேரிங் முறைய பயன்படுத்தினா, அதுல இந்த சர்வர்ஐநோ ஆப்ஷனே கிடையாது, நம்பர் எப்பவும் சர்வர்லேர்ந்துதான் வரும். அங்க பாக்க வேண்டியது சர்வர்ல இருக்கிற எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல், ஃப்யூஸ் மாதிரி யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தோட தனி அடையாளம்) இல்லாத ஃபைல்சிஸ்டத்த ஷேர் பண்ணினா எஃப்எஸ்ஐடி=ன்னு ஒரு நம்பர் நீங்களே குடுக்கணும், ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டுக்கும் வேற வேற நம்பர். ஒரு தடவ குடுத்தா அப்புறம் அத மாத்தாதீங்க, மாத்தினா ஏற்கனவே மவுன்ட் பண்ணி வெச்சிருக்கிற எல்லா மெஷின்லயும் ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்னு எரர் வரும், ஒவ்வொண்ணா அன்மவுன்ட் பண்ணி திரும்ப மவுன்ட் பண்ணணும்.