காலி வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்: சினிமா கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர நினைப்பவர்களுக்கு

காசிமேட்டில் எங்கள் தெருவில் ஷூட்டிங் நடந்தபோது, கதாநாயகி உடை மாற்ற எங்கள் வீட்டைக் கேட்டார்கள். வாடகை 2,000 ரூபாய் என்று பேச்சு. சாயங்காலம் மேனேஜர் அம்மாவிடம் வவுச்சரை நீட்டினார். தொகை எழுதும் இடம் காலி. அப்போது நான் பி.காம். இரண்டாம் வருடம். "தொகைய எழுதிட்டுக் குடுங்க சார், அம்மா கையெழுத்துப் போடுவாங்க" என்றேன். முறைத்துக்கொண்டே எழுதினார். பக்கத்தில் இருந்த வயதான கேஷியர் கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார். பதினோரு வருடமாக வடபழனி, சாலிகிராமம் பக்கம் கம்பெனி ஆபீஸ்களில்தான் இருக்கிறேன். பாதி சினிமா, பாதி சீரியல்.

உள்ளே நுழைவது நம் வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பெரிய கஷ்டமில்லை. ராயபுரம், வியாசர்பாடி என்று ஏதாவது ஒரு ஷூட்டிங் யூனிட் நம் தெருவுக்கே வருகிறது. கூட்டத்தை ஒதுக்க, வண்டி நிறுத்த, ஏரியாவில் பேசிவைக்க ஆள் வேண்டும். அன்றைக்குக் கையில் காசும் கிடைக்கும். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் கடைசிவரை நீங்கள் 'ஏரியா ஆள்'தான். அதே யூனிட் நாளைக்கு எண்ணூரில் இறங்கினால் அங்கே வேறொரு ஏரியா ஆள். ஆபீஸில் நாற்காலி வேண்டுமென்றால், தெரிந்த ஊரைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

நான் சேர்ந்த நாலாவது மாதம், மீன் ஏலக் காட்சியை மே முதல் வாரத்தில் போட்டிருந்தார்கள். துணை நடிகர்களுக்கு ஏஜென்டிடம் சொல்லியாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது அந்த ஆபீஸில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் வரும் கொஞ்ச மீனை வைத்து டைரக்டர் நினைத்த ஏலத்தைக் காட்ட முடியாது. வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? எந்தக் காட்சிக்கு மீன் வேண்டும், எந்தக் காட்சிக்குப் படகு சும்மா நின்றால் போதும் என்று பிரித்து எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் காட்சிகளை மேயிலேயே எடுத்தார்கள். ஏலம் ஜூன் கடைசிக்குப் போனது. அதற்கப்புறம் ஷெட்யூல் போடும்போது என்னையும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதல் ஆறு மாதம் டீ சொல்வது, ஜெராக்ஸ் எடுப்பது, நாளைக்கு யாருக்கு எந்த வண்டி என்று போன் போடுவது, இவ்வளவுதான் வேலை. போன் வேலையை லேசாக நினைக்காதீர்கள். நடிகர் நம்பரை டிரைவருக்கும் டிரைவர் நம்பரை நடிகருக்கும் அனுப்பிவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு டிரைவரை எழுப்புவதும் உங்கள் பொறுப்பு. ஒருவர் தாமதமானால் மொத்த யூனிட்டும் சும்மா நிற்கும். சாயங்காலம் நேரம் தாண்டி ஒன்றரை கால்ஷீட், அதாவது ஒன்றரை ஷிப்ட் கூலி, ஆகிவிடும்.

அப்புறம் வவுச்சர். தேதி, இடம், யாருக்கு, எதற்கு, யார் சொல்லிக் கொடுத்தது என்ற ஐந்தையும் அன்று இரவே எழுதிவிடுங்கள். மறுநாள் ஞாபகம் இருக்காது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பொதுவாக வருமான வரியில் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். "ரெண்டு வவுச்சரா உடைச்சிடும்மா" என்பார்கள். உடைத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஜிஎஸ்டி பில் கம்பெனி பெயரில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

அனுமதிக் கடிதங்களுக்குத் தனி ஃபைல் போடுங்கள். அந்த ஃபைலை யாரும் சீந்தமாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன். குழந்தை நடித்தால் கலெக்டர் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும். நாய், மாடு, குதிரை வந்தால் விலங்குகள் நல வாரியம். இதெல்லாம் எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆளை மேனேஜர் சுலபத்தில் விடமாட்டார்.

சினிமாவா சீரியலா என்றால், முதல் இரண்டு வருடம் சீரியல் என்பேன். வாரம் ஆறு நாள் ஓடும் தொடருக்கு மாதம் 25 எபிசோடாவது வேண்டும், அதனால் வேலை நிற்காது. சினிமாவில் ஒரு ஷெட்யூலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சம்பளமும் நிற்கலாம். ஒரு கம்பெனியில் எனக்கு மூன்று மாதச் சம்பளம் வரவே இல்லை. பேசியது எல்லாம் வாய்ப்பேச்சு, கேட்கப் போனால் காட்ட ஒன்றுமில்லை. அதிலிருந்து சம்பளம், தேதி, பேட்டா (தினப்படி) மூன்றையும் வாட்ஸ்அப்பில் நானே எழுதி அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகுதான் சேர்கிறேன். சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் சங்கம் உண்டு. வேலை பழகிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம். சங்க கார்டு வாங்கித் தருகிறேன் என்று வருகிறவனிடம் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள்.

போய்வர 2021-க்குப் பிறகு நிம்மதி. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் வடபழனி. ஆனால் பேக்கப், அதாவது ஷூட்டிங் முடிய, நடுராத்திரி ஆனால் மெட்ரோ இருக்காது. "காசிமேடா? அவ்ளோ தூரமா? சென்ட்ரல்ல எறக்கி விட்டுடறோம்" என்பார்கள். வீட்டு வாசல் வரை வண்டி என்று சேரும்போதே கேளுங்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள். அந்த வாட்ஸ்அப்பில் நாலாவது வரியாக அதையும் எழுதிவிடுங்கள்.